வெள்ளத்தில் மூழ்கிய டர்போ கார்: இன்ஜினை வீட்டிலேயே பிரித்து சரிசெய்ய முடியுமா?

2019 அக்டோபர் 21, எர்ணாகுளம் இடைத்தேர்தல் நாள். கொட்டிய மழையில் நகரின் முக்கியச் சாலைகளே குளமாகின. 2018-ல் கேரளா பார்த்ததும், 2015, 2023 டிசம்பர்களில் சென்னை பார்த்ததும் இதைவிடப் பெரிய வெள்ளம். கொச்சி பிராட்வே கடைவீதிப் பக்கம் நீங்கள் நிறுத்திய டர்போ காரில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலரும் உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள். பெரிய சேதம் அப்போதுதான் நடக்கிறது.

உள்ளே என்ன ஆகிறது?

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன், காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்ட, அதைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைகிறது. இதுதான் 'ஹைட்ரோலாக்'. லேசாக வளைந்த ராடுடன் கார் சில காலம் ஓடவும் செய்யும். பிறகு அந்த ராட் முறிந்தால் இன்ஜின் பிளாக்கையே உடைத்துவிடும். டர்போவில் ராட் மீது சுமை கூடுதல் என்பதால், 'ஓடுதே, போதும்' என்று விட முடியாது.

வீட்டில் எதைச் செய்யலாம்?

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்க. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் ஷாஃப்ட்டை ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்க. தண்ணீர் வெளியே வரும். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால், அதிலும் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றிய பிறகு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது உயரத்தை அளந்து பாருங்க. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் ராட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எதைப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்?

பிரிப்பது எளிது, அளவு சேர்ப்பதுதான் கடினம். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டுமே. ஹெட்டைச் சமன் செய்வது, சிலிண்டரை ஹோனிங் செய்வது, கிராங்கைக் கடைவது எல்லாம் இயந்திரப் பட்டறை வேலை. திரும்பப் பூட்ட டார்க் ரெஞ்ச்சும், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலும் அவசியம். ஹெட் போல்ட்டுகள் பல கார்களில் ஒருமுறை மட்டுமே பயன்படும். பழையதை மறுபடி போடாதீங்க.

காப்பீடு கிடைக்குமா?

தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால், சாதாரண பாலிசிகளில் பொதுவாக அதற்குப் பணம் கிடைக்காது. 'இன்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் கவர் வேண்டும். அது இருந்தாலும் சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரித்தால் கிளெய்ம் சிக்கலாகலாம். பிளாக்கையே மாற்றினால் இன்ஜின் எண்ணும் மாறும். ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் திருத்த வேண்டும்.

ஆகவே தண்ணீர் வடிந்ததும் முதலில் போட்டோ எடுங்க, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்க. ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.