காலை நேரப் பரபரப்புக்கு ஒரு எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் பாட்டு, படம், கேம்ஸ் என்று போய்விடும். இரண்டாவது மாதம்தான் "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். வரவு செலவுக் கணக்கு எழுதலாம் என்று ஆரம்பித்து நான்கு நாளில் விட்டுவிடுவோம். இங்கே சொல்லப் போகும் வேலை அதைவிடச் சிறியது. ஒரே ஒரு எக்ஸெல் ஷீட், அதில் பத்து வரிகூடக் கிடையாது. ஆனால் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் தினமும் காலையில் கேட்கும் சத்தத்தைப் பாதியாகக் குறைக்க அது உதவும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகளில் பொதுவாகக் காலை 8.30 மணிக்கு வேலை தொடங்கிவிடும். அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் அதற்கு வெகு முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். பள்ளி வேன் வருவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இங்கே நிறைய. இரண்டு டிபன் பாக்ஸ், இரண்டு மதியச் சாப்பாடு, ஒரே குளியலறை. அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பரபரப்புக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம், "பிள்ளைகள் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை" என்பது. அது உண்மைதானா என்று ஷீட் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னாலிருந்து எண்ணும் முறை

நமக்குத் தேவையான முறை இந்த ஊரிலேயே இருக்கிறது. ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக வேலை பார்ப்பவர்களின் கம்ப்யூட்டரில் 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' என்ற பெயரில் ஒரு காலண்டர் இருக்கும். அதில் முதலில் எழுதப்படுவது நூல் வாங்கும் தேதி அல்ல, ஷிப்மென்ட் தேதி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் எந்த நாளில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வருவார்கள். பேக்கிங்குக்கு இத்தனை நாள், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், அதற்கு முன் சாயப்பட்டறை, அதற்கும் முன் நிட்டிங் என்று கழித்துக்கொண்டே போனால், நூல் எந்தத் தேதியில் கைக்கு வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஷிப்மென்ட் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தான் விழும். அதனால் யாரும் கடைசி நாளில் நூல் தேடுவதில்லை.

வீட்டில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். எழுந்த நேரத்திலிருந்து முன்னோக்கி ஓடுகிறோம். வேன் வரும் நேரம்தான் நம் ஷிப்மென்ட் தேதி. அங்கிருந்து பின்னால் வருவோம்.

முதலில் மூன்று நாள் நேரத்தை அளந்து பாருங்கள். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் காட்டுவது வேறு. பெரிய கம்பெனிகளில் ஒரு கை இணைக்க, ஒரு கழுத்து அடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் மனக்கணக்கை நம்புவதில்லை, நாமும் நம்ப வேண்டாம். பிள்ளைக்குத் தெரியாமல் அளப்பது நல்லது. தெரிந்தால் முதல் நாள் மட்டும் எல்லாம் வேகமாக நடக்கும்!

ஷீட் தயாரிப்பது எப்படி?

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து புதிய ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். தோற்றத்தில் சில மாற்றங்கள் இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

முதல் வரியில் ஏ, பி, சி என்ற மூன்று செல்களில் வேலை, ஆகும் நேரம், தொடங்கும் நேரம் என்று தலைப்பு கொடுங்கள். தமிழில் டைப் செய்ய விரும்பினால், செட்டிங்ஸ் பிரிவில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளில் ஒலி வடிவில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் தமிழ் கீபோர்டு, 2019 மே மாதம் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 உடனேயே கிடைக்கிறது, விண்டோஸ் 11லும் உண்டு. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். தனியாக எழுத்துரு தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது வரியில் 'வேன் வருகிறது' என்று எழுதி, சி2 செல்லில் 7:50 என்று டைப் செய்யுங்கள். நடுவில் வருவது புள்ளி அல்ல, முக்காற்புள்ளி. அப்போதுதான் இது நேரம் என்று எக்ஸெல் புரிந்துகொள்ளும். மூன்றாவது வரியில் 'கையிருப்பு' என்று எழுதி, பி3 செல்லில் 0:10 என்று கொடுங்கள். காணாமல் போன சாக்ஸ், கடைசி நிமிட டைரி கையெழுத்து இவற்றுக்கெல்லாம் இந்தப் பத்து நிமிடம். அடுத்தடுத்த வரிகளில் ஷூ, பை 0:10, சாப்பாடு 0:20, உடை, தலைவாருதல் 0:15, இருவர் குளியல் 0:25, எழுந்து பல் தேய்த்துப் பால் குடிக்க 0:20 என்று எழுதுங்கள். நான் கொடுத்திருப்பவை மாதிரி அளவுகள்தான். உங்கள் ஸ்டாப்வாட்ச் சொன்னதை எழுதுங்கள்.

இனி பார்முலா. சி3 செல்லில் கர்சரை வைத்து, சமக்குறியை டைப் செய்யுங்கள். மவுஸால் சி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறியை டைப் செய்து, பி3 செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். 7:40 என்று வரும். இப்போது சி3 செல்லைத் தேர்வு செய்தால் அதன் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரப்புள்ளி ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்து எட்டாவது வரி வரை கீழே இழுத்து விடுங்கள். எல்லா நேரங்களும் தானாக நிரம்பிவிடும். கடைசியில் 6:10 என்று இருக்கும். அதுதான் பிள்ளைகள் எழ வேண்டிய நேரம்.

வேன் டிரைவர் நாளை முதல் 7:35க்கு வருவேன் என்று சொல்லிவிட்டாரா? சி2 செல்லில் மட்டும் மாற்றுங்கள். எழும் நேரம் 5:55 ஆகிவிடும்.

இங்கே புதியவர்கள் ஒரு தவறு செய்ய வாய்ப்பு உண்டு. இருபது நிமிடம் என்பதற்கு 0:20 என்று அடிக்காமல் 20 என்று மட்டும் அடித்தால், செல் முழுவதும் ##### என்று வந்து நிற்கும். எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. ஆறு மணி நேரம் என்றால் அதற்கு 0.25. நீங்கள் 20 என்று கொடுத்ததை அது இருபது நாட்களாக எடுத்துக்கொண்டுவிடும். 7:50லிருந்து இருபது நாளைக் கழித்தால் நேரம் மைனஸில் போகும். மைனஸ் நேரத்தைக் காட்ட எக்ஸெல்லுக்குத் தெரியாது.

ஒன்பதாவது வரி

இதுவரை செய்தது விளையாட்டு மாதிரி. ஒன்பதாவது வரிதான் முக்கியமானது. அதில் 'தூக்கம்' என்று எழுதுங்கள்.

6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல் பரிந்துரைத்தது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். நாம் அதிகம் கேட்காமல் ஒன்பதரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு பி9 செல்லில் 9:30 கொடுங்கள். பார்முலாவை இழுத்துவிட்டால் மறுபடியும் ##### வரும். 6:10லிருந்து ஒன்பதரை மணி நேரம் பின்னால் போனால் நள்ளிரவைத் தாண்டி முந்தைய நாளுக்குப் போய்விடுகிறோம் அல்லவா? அதனால் பார்முலாவின் கடைசியில் +1 என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ஒரு நாளைக் கூட்டிவிட்டோம். 20:40 என்று வரும், அதாவது இரவு 8.40.

இந்த நேரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் என்பது மாலை 5.30 வரை. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு 8.30 ஆகிவிடும். பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது 9 மணி. சனிக்கிழமை கைக்கு வரும் வாரச் சம்பளத்தில் அந்த அரை ஷிப்டின் பங்கு சாதாரணமானதல்ல. வாடகையும் ஸ்கூல் பீஸும் பல வீடுகளில் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் ஷீட்டின் கணக்குப்படி, அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போது பிள்ளை தூங்கி இருபது நிமிடம் ஆகியிருக்க வேண்டும். எந்தப் பிள்ளை தூங்கும்? அம்மா முகத்தைப் பார்க்க விழித்திருக்கும். பிறகு சாப்பாடு, வீட்டுப்பாடம், பேச்சு என்று பத்தரை, பதினொன்று ஆகும். காலை ஆறு மணிக்கு எழுப்பினால் எப்படி எழும்? பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு ஷீட்டில் எங்கேயும் இடமில்லை. காலைச் சண்டை முந்தைய இரவே ஆரம்பித்துவிடுகிறது.

இதற்கு எக்ஸெல்லில் பார்முலா கிடையாது. ஒன்றரை ஷிப்ட் பார்க்காதீர்கள் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்னைப் போன்றவன் சொல்வது அழகும் அல்ல. ஆனால் எதை நகர்த்தலாம், எதை நகர்த்த முடியாது என்று ஷீட்டைப் பார்த்துப் பேசலாம். ஒன்பது மணிக்கு மேல் நடக்கும் வேலைகளில் அம்மா கட்டாயம் தேவைப்படுவது எது? அவருடன் பேசுவது மட்டும்தான். வீட்டுப்பாடமும் சாப்பாடும் பாட்டியிடமோ, 5.30க்கே வந்துவிடும் அப்பாவிடமோ எட்டு மணிக்குள் முடியலாம். யூனிபார்ம் அயர்ன் செய்வதை ஐந்து ஜோடியாக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளலாம். அப்படிச் செய்தால் ஒன்பது மணிக்கு வரும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அரை மணி நேரம் மிஞ்சும். தூக்கம் ஒன்பதரை மணி நேரத்துக்குப் பதில் எட்டு மணி நாற்பது நிமிடமாகக் குறையும். பரிந்துரைக்குக் கொஞ்சம் கீழேதான், ஆனால் பதினொரு மணிக்குப் படுப்பதைவிட எவ்வளவோ மேல்.

அம்மாவுக்குத் தனி ஷீட்

ஷீட்டின் கீழே உள்ள டேபில் ரைட் கிளிக் செய்து, 'மூவ் ஆர் காப்பி' தேர்வு செய்து, நகல் எடுக்கும் கட்டத்தில் டிக் செய்தால் இதே பட்டியலுக்கு இன்னொரு பிரதி கிடைக்கும். அதில் காலையில் அம்மா செய்யும் வேலைகளை மட்டும் எழுதிப் பாருங்கள். வாசல் தெளிப்பதில் தொடங்கிக் குழந்தைகளுக்குச் சடை பின்னுவது வரை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும். பல வீடுகளில் எழும் நேரம் 4:30க்குப் போய் நிற்கும். அடுத்து அப்பாவுக்கும் ஒரு பிரதி எடுங்கள். அது பாதிப் பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்!

தையல் லைனில் ஒரு ஓவர்லாக் மெஷினில் மட்டும் பண்டல் பண்டலாகக் குவிந்து, அடுத்த மெஷின்காரர் சும்மா உட்கார்ந்திருந்தால் சூப்பர்வைசர் என்ன செய்வார்? வேலையைப் பிரித்துப் போடுவார். குவிந்து கிடப்பவரை "சீக்கிரம் தை" என்று கத்தி மட்டும் பயனில்லை. டிபன் பாக்ஸ் கட்டுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, மோட்டார் போடுவது எல்லாம் வேறு ஷீட்டுக்குப் போகக்கூடிய வரிகள். பத்து வயதுப் பிள்ளை தன் பையைத் தானே முந்தைய இரவு அடுக்கலாம்.

காலை உணவு வரி

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கு மாறும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பிறகு 2024ல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு, காலையில் அடுப்படியில் ஒரு வேலை குறைவது பெரிய விஷயம்.

பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்குச் 'சாப்பாடு' வரி தேவையில்லை என்று அந்த வரியை அழித்துவிடாதீர்கள். கீழே உள்ள பார்முலாக்கள் எல்லாம் அறுந்துபோய்ப் பிழைக்குறி காட்டும். பி5 செல்லில் 0:00 என்று மாற்றினால் போதும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பரிமாறிவிடுவார்கள் என்பதால், சி2 செல்லில் உள்ள நேரத்தையும் முன்னுக்குத் தள்ள மறக்காதீர்கள்.

பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள்

எக்ஸெல்லில் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் பிரிண்டில் வராது. பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து, ஹோம் மெனுவில் பார்டர்ஸ் பட்டனை அழுத்தி 'ஆல் பார்டர்ஸ்' கொடுத்துவிட்டுப் பிரிண்ட் எடுங்கள். சமையலறைச் சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே கூடாது என்பது என் கட்சி. கம்ப்யூட்டர் இதழில் இப்படி எழுதுவது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் ஏழு மணிக்குப் புராஜெக்ட் படம் பிரிண்ட் எடுக்க உட்காருபவருக்குத்தான் விண்டோஸ் அப்டேட் ஓடும், பிரிண்டரில் மை காய்ந்திருக்கும். பிரிண்ட் வேலை எல்லாம் முந்தைய மாலையோடு சரி.

அந்த மாலை நேரத்திலும் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று 'ஆக்டிவ் ஹவர்ஸ்' பகுதியில் நீங்கள் பயன்படுத்தும் நேரத்தைக் கொடுத்து வையுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம்.

கம்ப்யூட்டரிலேயே அலாரமும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் க்ளாக் புரோகிராமைத் திறந்து அலாரம் பகுதியில் கூட்டல் குறியைக் கிளிக் செய்யுங்கள். இது எழுப்புவதற்கு உதவாது, கம்ப்யூட்டர் ஆப் ஆகியிருந்தாலோ ஸ்லீப்பில் இருந்தாலோ அடிக்காது. ஆனால் இரவு எட்டரைக்குப் பிள்ளைகள் அதே கம்ப்யூட்டரில் கேம்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்து, ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து இரவுகளை மட்டும் தேர்வு செய்து சேவ் கொடுங்கள். வெள்ளி, சனி இரண்டு இரவும் அவர்கள் ஆடிக்கொள்ளட்டும்.