ரீடு வால்வும் பித்தளை ஜெட்டும்: அன்றும் இன்றும்

1968-இல் யமஹா அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பிய டிடி-1 பைக்கில் ரீடு வால்வு கிடையாது. 246 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் மேலே ஏறும்போது இன்டேக் துளை திறக்கும், இறங்கும்போது மூடும், அவ்வளவுதான். மூடுவதற்குள், உள்ளே போன கலவையில் ஒரு பங்கு வந்த வழியே கார்பரேட்டருக்குத் திரும்பிவிடும். மெதுவான வேகத்தில் இந்தத் தொல்லை அதிகம். சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வரவேண்டிய வண்டிக்கு அது பெரிய குறை.

1972 மாடலான டிடி-2 இந்தக் குறையைத் தீர்த்தது. கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஆப்பு வடிவக் கூடு, அதன் சரிவுகளில் ஒரு முனை மட்டும் திருகப்பட்ட மெல்லிய எஃகு இதழ்கள். எஞ்சின் உறிஞ்சும்போது இதழ் வளைந்து வழிவிடும். உள்ளே அழுத்தம் ஏறியதும் படிந்து மூடிக்கொள்ளும். இதுதான் ரீடு வால்வு. யமஹா இதற்கு ‘டார்க் இண்டக்‌ஷன்’ என்று பெயர் வைத்தது. நம்மூர் ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ்100 எல்லாம் இந்த வழியில் மூச்சு வாங்கியவைதான்.

எஃகு இதழில் ஓர் ஆபத்து உண்டு. ஓயாமல் வளைந்து நிமிர்ந்து ஒரு நாள் முனை உடையலாம். உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போய் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். அதனால்தான் ஃபைபர் இதழ்களுக்கு அத்தனை வரவேற்பு. 70-களில் அமெரிக்காவில் ஐவிண்ட் பாய்சன் கொண்டுவந்த இரண்டடுக்கு இதழ் இன்னொரு படி மேலே போனது. தடித்த இதழில் ஒரு ஜன்னல், அதன்மேல் மெல்லிய இதழ். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது மெல்லியது மட்டும் திறக்கும். ஏறஏறத் தடித்ததும் சேர்ந்து திறக்கும். வெளியில் வாங்கும் ரீடு அந்நாளில் தொழிற்சாலை விட்டுவைத்த இடத்தை நிரப்பியது. போட்டவர்களுக்குப் பலன் கைப்பிடியைத் திருகியதுமே தெரிந்தது.

இன்றைய நிலைமை வேறு. மோட்டோ டாஸினாரியின் வி-ஃபோர்ஸ் கூட்டில் இரட்டைச் சரிவும் அதிக இதழ்களும் உண்டு. அதே காற்றுக்கு ஒவ்வோர் இதழும் பாதி தூரம் வளைந்தால் போதும். அந்த வி-ஃபோர்ஸே கேடிஎம் டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் தொழிற்சாலையிலிருந்து பொருத்தப்பட்டு வருகிறது. அதற்கு மேல் பணம் போட்டு வாங்கும் ரீடு, பவரைக் கூட்டுவதைவிட அதை இடம் மாற்றித்தான் தரும். மென்மையான இதழ் கீழ் வேகத்தில் இழுவை தரும், உச்ச ஆர்பிஎம்மில் படபடத்துச் சரியாக மூடாது. விறைப்பான இதழ் நேரெதிர். காட்டுப் பாதையில் பாறை ஏறுபவருக்கும் மோட்டோகிராஸ் தடத்தில் பறப்பவருக்கும் ஒரே ரீடு ஒத்துவராது. இதைக் கேட்டறியாமல் விலை அதிகமானதே நல்லது என்று வாங்குவது வீண்செலவு.

கோவையில் மண் தடப் பந்தயத்துக்கு ஆர்எக்ஸ் தயார் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம், கல்லூரிப் பையன் ஒருவன் வந்து நின்றான். “அண்ணா, கார்பன் ரீடு வாங்கிட்டேன், இன்னைக்கே போட்டுரலாமா?”

“போடலாம் தம்பி. மொதல்ல பழசு எப்படி இருக்குன்னு பாப்போம்.”

பழைய ரீடைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். இதழுக்கும் கூட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசியவில்லை. முனைகளில் சில்லுப் பெயரவில்லை. அடுத்து கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளையான மெயின் ஜெட்டைக் கழற்றினார். அதன்மேல் பொறித்த எண் ஒன்று, துளையின் அளவு வேறு; யாரோ கம்பி விட்டுக் குடைந்திருக்கிறார்கள். ஜெட் கிடைக்காத காலத்தில் இப்படிக் குடைவது நம்மூர்ப் பட்டறைகளில் சகஜம். அன்றைக்கு வேறு வழியில்லை. இன்று அளவு வாரியாக ஜெட் கிடைக்கும்போதும் இது தொடர்வது எனக்கு வருத்தம் தருகிறது. குடைந்த ஜெட்டின் எண்ணை நம்பி அடுத்தவர் டியூன் செய்தால் எல்லாமே தப்பாகத்தான் போகும். பையனின் வண்டி மந்தமாக இருந்ததற்கு ரீடு காரணமே அல்ல, பெட்ரோல் அதிகமாக இறங்கியதுதான் காரணம்.

ரீடு மாற்றினாலும் ஜெட்டைத் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும். ரீடு கசியும்போது காற்று கார்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கடந்து, கடக்கும்போதெல்லாம் பெட்ரோலை வாரிக்கொள்ளும். நன்றாக மூடும் புது ரீடு அதை நிறுத்திவிடும். கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகலாம். லீனாக ஓடும் டூ ஸ்ட்ரோக் முதலில் துடிப்பாகவே தோன்றும். நீண்ட நேரம் முழு த்ராட்டிலில் பிடித்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகும்.

கார்பரேட்டரில் கலவையைத் தீர்மானிப்பவை: த்ராட்டில் கால்வாசி வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதற்கு மேல் முக்கால் வரை நீடில், அதையும் தாண்டினால் மெயின் ஜெட். இந்தப் பாகுபாடு அன்றிலிருந்து மாறவில்லை. யமஹா ஒய்இசட்250-இன் கெய்ஹின் கார்பரேட்டரில் 178 என்ற மெயின் ஜெட், 1.78 மில்லிமீட்டர் துளை. அந்தக் கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால்தான் எஞ்சின் சீராக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் சிறிது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் பெரிது.

மாறியது, அதைக் கண்டுபிடிக்கும் வழி. அன்று முழு த்ராட்டிலில் ஓடி, சட்டென்று எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பீங்கான் பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்தால் ஆபத்து. ஈயம் கலந்த பெட்ரோலில் அந்த நிறம் தெளிவாக விழுந்தது. இந்தியாவில் 2000-த்தோடு ஈயம் போய்விட்டது. இப்போது நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றும். ஆயில் விகிதமும் மாறியது. ஒரு லிட்டருக்கு 50 மில்லி ஊற்றியவர்கள் இன்று 25 மில்லி, 20 மில்லி என்று வந்துவிட்டார்கள். ஆயில் குறைந்தால் அதே ஜெட்டில் பெட்ரோலின் பங்கு கூடும், கலவை ரிச் ஆகும். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

உயரமும் அப்படித்தான். சென்னையில் சரியாக ஓடும் ஆர்எக்ஸ், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் மூச்சு வாங்கும். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட்டுக்கு அது தெரியாது. கேடிஎம் 2018 மாடல் எண்டூரோ பைக்குகளில் கொண்டுவந்த டிபிஐ (TPI) இதைத் தீர்த்தது. காற்றழுத்தத்தை சென்சார் அளக்கும், இன்ஜெக்டர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் நேரே பெட்ரோலைத் தெளிக்கும். ரீடு வழியே போவது காற்றும் ஆயிலும் மட்டுமே. மலைக்கு மலை ஜெட் மாற்றி விரல் நொந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை, மனமார வரவேற்கிறேன். பிறகு வந்த இன்னொரு டிபிஐ-யில் (TBI), அதாவது த்ராட்டில் பாடியில் தெளிக்கும் முறையில், பெட்ரோல் மறுபடி ரீடைக் கடந்தே உள்ளே போகிறது.

ஆனால் ஆர்எக்ஸ், ஷோகன் போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வைத்திருப்பவர்களுக்குக் கணினி இல்லை. அவர்களுக்கு வந்திருக்கும் புதிய கணக்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை லீன் ஆகும். கார்பன் ரீடுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் மெயின் ஜெட்டில் ஓர் எண் பெரியது, பைலட்டில் ஓர் எண் பெரியது வாங்கிப் போட்டுப் பாருங்கள். எத்தனாலில் ஊறியிருக்கும் ஓ-ரிங்குகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். வண்டி ஒரே சீராக இழுத்த பிறகு ரீடைப் பற்றி யோசிக்கலாம்.