பவளத் தொட்டியிற் படரும் செம்படலம்

கடல்வாழ் பவளங்களையும் சிறு மீன்களையும் கண்ணாடித் தொட்டியொன்றில் வளர்த்து, வீட்டுக் கூடத்தில் வைத்து மகிழும் பழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. நன்னீர் மீன் வளர்ப்பிலும் பார்க்க இது பன்மடங்கு கடினமான கலையாகும். ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களையும் பவளங்களையும், காற்றுக் குமிழிகளின் துணையொன்றோடு தொட்டியில் வாழவைக்கும் முறையை 1961 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் பேர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் உயிர்க்கற்களோடு வலிய விளக்குகளையும், கழிவை நுரையாகத் திரட்டி அகற்றும் கருவியையும் பயன்படுத்தி இக்கலையை மேலும் வளர்த்தனர். உயிர்க்கல் என்பது, கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் தன் துளைகளிற் குடிகொண்டுள்ள பவளக் கல்லாகும்.

இத்தகைய தொட்டி வைத்திருப்போருள் என்றேனும் ஒரு நாள் செம்படலத்தைக் காணாதவர் மிகச் சிலரே. வெண்மணலின் மீது கருஞ்சிவப்பு வெல்வெற்றுத் துணியை விரித்தாற்போல் ஒரு வழவழப்பான படை தோன்றும். சில நாட்களில் அது கற்களின் மீதும் ஏறும். பவளங்களின் அடியைச் சூழ்ந்து, ஒளியும் நீரோட்டமும் அவற்றை அடையாதவாறு மூடிவிடும். மூடப்பட்ட பவளத்தின் தசை அழுகி உதிரும். பல ஆண்டுகள் பேணிய தொட்டியை இதனால் மனமுடைந்து கைவிட்டோர் பலர். அவசரப்பட்டு மருந்தை ஊற்றி, ஓரிரவில் மீன்களை இழந்தோரும் உளர். ஆகவே இப்படலம் யாது, அது ஏன் தோன்றுகிறது, அதனை எவ்வாறு அடக்கலாம் என்பவற்றை முறையாக அறிவது பயனுடையது.

இதனைப் பலர் பாசி என்றே அழைப்பர். ஆயினும் இது அல்கா அன்று. ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கும் ஒருவகைப் பற்றீரியாவாகும். விஞ்ஞானிகள் இதனைச் சயனோபற்றீரியா என்பர். இதன் குலம் மிகத் தொன்மையானது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் நிலைபெறத் தொடங்கியது இவ்வுயிர்களின் முன்னோரது செயலினாலேயே. இவற்றுட் பல நீலப்பச்சை நிறமுடையன. பவளத் தொட்டியிற் காண்பன பெரும்பாலும் செந்நிறமிகளின் மிகுதியாற் சிவந்து தோன்றுவன. ஜெர்மன் அறிஞரான ஏரன்பேர்க்கு 1823 ஆம் ஆண்டில் சீனாய்க் கரையிலுள்ள தோர் குடாவில் கடல்நீர் சிவந்திருக்கக் கண்டு, அதற்குக் காரணம் இக்குலத்தைச் சேர்ந்த ஓர் உயிரே என அறிந்தார். செங்கடல் என்னும் பெயருக்கே அவ்வுயிர் காரணமாகலாம் எனக் கருதுவோரும் உளர்.

சிகிச்சைக்கு முன் நோயை இன்னதென அறிதல் வேண்டும். புதிதாக அமைத்த தொட்டியில் மணல் மீது பழுப்புத் தூள் படிந்தாற்போலத் தோன்றுவது தயற்றம் எனப்படும் நுண் அல்காவாகும். நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் அது பெரும்பாலும் தானே மறையும். பழுப்பு நிறச் சளி இழைகளாகத் தொங்கி, நுனியிற் காற்றுக் குமிழிகளைத் தாங்கி நிற்பது டைனோபிளாசெல்லேற்று எனப்படும் வேறோர் உயிராக இருக்கலாம். செம்படலமோ தாளைப் போல ஒருசேரப் பெயர்ந்து வரும். ஐயமிருப்பின் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தல் நன்று. கலங்கள் சங்கிலியாகக் கோத்த இழைகள் தெரியின் அது சயனோபற்றீரியா; தனித்தனியாய்ச் சுழன்று நீந்தும் முட்டை வடிவக் கலங்கள் தெரியின் அது டைனோபிளாசெல்லேற்று. இவ்வேறுபாடு அற்பமானதன்று. பின்னது, நீரிற் போசணைப் பொருள்கள் அறவே அற்ற தொட்டியிலேயே பெரும்பாலும் தலையெடுப்பது. ஆதலின் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை வளர்ப்பதாக முடியலாம்.

இனி, செம்படலம் தோன்றும் காரணத்தைப் பார்ப்போம். மீனுக்கு இடும் உணவு எங்கும் போய்விடுவதில்லை. உண்ணாது விடப்பட்டதும், உண்டு கழித்ததும் சிதைந்து நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரிற் சேர்கின்றன. கடலின் பரப்பு அவற்றை ஏற்றுக்கொள்ளும்; 200 இலீற்றர் நீர் ஏற்காது. உள்ளே வருவது வெளியே செல்வதிலும் மிகுமாயின், அம்மிச்சத்தை உண்ண ஓர் உயிர் வந்தே தீரும். அவ்வுயிரே இப்படலம். அன்றியும் சயனோபற்றீரியாக்களுட் சில, நீரிற் கரைந்துள்ள நைதரசன் வாயுவையே உணவாக மாற்றவல்லன. ஆகவே நைத்திரேற்று வற்றிப் பொசுபேற்று மட்டும் எஞ்சிய நீரில், ஏனைய அல்காக்கள் பசித்திருக்க இவை செழிக்கும்.

நீர்ச்சோதனையிற் பொசுபேற்று இல்லை என வருவதைக் கண்டு பலர் மயங்குவர். படலம் அதனை உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்வதால் நீரில் அது தென்படுவதில்லை. மேலும் பவளக் கற்கள் சுண்ணாம்பாலானவை. அவை பொசுபேற்றைத் தம்மிடம் ஒட்டவைத்துப் பின்னர் மெல்ல மெல்ல வெளிவிடும். ஆதலால் சோதனைக் குழாயை மாத்திரம் நம்பாது, தொட்டியைக் கண்ணாற் பார்த்தும் முடிவு செய்தல் வேண்டும்.

செய்யவேண்டியவற்றுள் முதலாவது, படலத்தைக் கையால் அகற்றுவது. மெல்லிய குழாயினால் அதனை உறிஞ்சி வெளியேற்றினால், அது உண்டு சேர்த்த பொசுபேற்றும் நைதரசனும் அதனோடு தொட்டியை விட்டு நீங்கும். தூரிகையாற் கலக்கிவிடுதல் விதையைத் தூவுவதை ஒக்கும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போதே இவ்வேலையையுஞ் செய்துவிடலாம்.

இரண்டாவது, வரவைக் குறைப்பது. மீன்கள் சில நிமிடங்களில் உண்டு தீர்க்கக்கூடிய அளவே உணவிடுக. உறைந்த உணவாயின் அதன் உருகுநீரை வடித்துவிட்டு இடுக. தொட்டியில் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய ஊற்றும் நீரும் கவனத்துக்குரியது. நீர் ஆவியாகும், அதிற் கரைந்திருந்தவையோ தொட்டியிலேயே தங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமிலும் மிகுதியாக நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரை நாள்தோறும் ஊற்றுபவர் தம்மையறியாமலே தொட்டிக்கு உரமிடுபவராவர். ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, எஞ்சிய உப்புகளும் நீக்கிய நீரே இதற்கு உகந்தது.

மூன்றாவது, நீரோட்டம். படலம் முதலில் தோன்றும் இடத்தைக் கவனித்தால், அது பெரும்பாலும் ஓட்டம் குன்றி, கழிவு படியும் மூலையாகவே இருக்கும். 200 இலீற்றர்த் தொட்டியில் மணிக்கு 4,000 இலீற்றர் நீரேனும் சுழலுமாறு பம்பிகளை அமைத்து, அவற்றின் முகத்தை அம்மூலைக்குத் திருப்புதல் வேண்டும்.

நான்காவது, அளவறிந்து நிற்பது. பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டு மணிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை மிகுதியாக இட்டு நீரை வெறுமையாக்கினால் பவளங்கள் பட்டினியால் வெளிறும். முன்னர்க் கூறிய டைனோபிளாசெல்லேற்றும் இடம்பிடிக்கும். நைத்திரேற்று இலீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராமும், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் இருத்தல் பொதுவாகத் தகுந்த நிலை எனலாம்.

இவற்றின் பின்னும் படலம் நீங்காவிடின், விளக்கை அணைத்து, தொட்டியைக் கருந்துணியால் மூடி, மூன்று நாள் இருளில் வைக்கலாம். நலமான பவளங்கள் இதனைத் தாங்கும். அவ்வேளையிற் காற்றை இடைவிடாது செலுத்துவது அவசியம்.

எரித்திரோமைசின் போன்ற பற்றீரியாக்கொல்லி மருந்தோ இறுதிப் படியாகவே இருத்தல் வேண்டும். படலம் பற்றீரியாவாதலின் அதனை அம்மருந்து கொல்லும் என்பது உண்மையே. ஆனால் உயிர்க்கற்களில் வாழ்ந்து கழிவைச் சிதைக்கும் நல்ல பற்றீரியாக்களும் அதனாற் பாதிக்கப்படலாம். இறந்த படலம் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் சரிந்து, விடியுமுன் மீன்கள் மூச்சுமுட்டி மாளலாம். மனிதரின் நோய்க்கும் பயன்படும் மருந்தைக் கண்டபடி கையாளுதல், அதற்கு அஞ்சாத பற்றீரியாக்கள் பெருக வழிசெய்யும் என்பதும் மறக்கத்தக்கதன்று. யாவற்றிலும் மேலாக, காரணம் நீங்காதவிடத்து, மருந்தால் மறைந்த படலம் சில வாரங்களில் மீண்டும் வரும்.

முறையாகச் செய்தாலும் பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். கற்களில் ஒட்டிய பொசுபேற்று வெளியேற அதனிலும் நீண்ட காலம் வேண்டும். அக்காலத்தில் ஒரே நாளிற் பல மாற்றங்களைச் செய்யாது, ஒன்றைச் செய்து அதன் விளைவை நோக்கிய பின்னரே அடுத்ததைச் செய்தல் வேண்டும். தொட்டியிலுள்ள பவளமும் மீனும் தாமாக அங்கு வந்தவையல்ல. கடலில் அவை பெற்ற தூய நீரையும் ஓட்டத்தையும் இங்கு அளிக்கும் கடமை, அவற்றைக் கொண்டுவந்தவருடையதாகும். செம்படலம் அக்கடமையில் எங்கே குறை நேர்ந்தது என்பதைக் காட்டும் குறியாகும். அக்குறையைக் கண்டு திருத்துபவரின் தொட்டியில் மணல் மீண்டும் வெண்மையாகும்.