ரெசிஸ்டர் ஏணியும் நம் காதும்

ஹைஃபை கடைகளில் 'ஆர்-2ஆர்' என்ற பெயருக்குத் தனி மரியாதை. "சிப் வெச்ச டாக் கொஞ்சம் கறாரா பாடும் சார், இது இதமா பாடும்" என்பார் விற்பனையாளர். விலையைக் கேட்டதும் அந்த இதம் போய்விடும். சில கருவிகளின் விலை ஒரு காரின் விலை வரை ஏறுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது, அதைக் காது கண்டுபிடிக்குமா என்று பார்த்துவிடலாம்.

டாக் என்பது எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் கருவி. சிடியில் பாட்டு இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒன்றைச் சொல்லும். அந்தப் படிக்குரிய மின்னழுத்தத்தை உண்டாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது டாக்கின் வேலை. கைபேசி, டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒரு டாக் உண்டு. ஆப்பிள் விற்கும் சின்ன ஹெட்போன் அடாப்டரின் முனைக்குள்ளேகூட ஒன்று ஒளிந்திருக்கிறது.

இவை அநேகமாக எல்லாம் ஒற்றைச் சிப்புகள். 'டிஸ்கிரீட்' டாக் என்றால் அந்தச் சிப்புக்குப் பதில் தனித்தனி ரெசிஸ்டர்களையும் சுவிட்சுகளையும் போர்டில் வரிசையாகப் பற்றவைத்து, அதே வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது. மூடியைத் திறந்தால் கடுகளவு ரெசிஸ்டர்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பொற்கொல்லரின் தராசுக்கு 1, 2, 4, 8 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டு மடங்காக எடைக்கற்கள் இருந்தால், எந்த முழு எடையையும் சிலவற்றை வைத்தும் சிலவற்றை விட்டும் நிறுத்துவிடலாம். ரெசிஸ்டர் ஏணியும் அப்படித்தான். ஒரு மதிப்பும் (ஆர்) அதன் இரு மடங்கு மதிப்புமாக (2ஆர்) இரண்டே வகை ரெசிஸ்டர்களை ஏணிபோல் கோத்தால், ஒவ்வொரு கணுவிலும் மின்னோட்டம் பாதி பாதியாகப் பிரியும். 16 பிட் எண்ணுக்கு 16 சுவிட்சுகள். மேலே உள்ள சுவிட்ச் 32,768 படி எடை, கடைசிச் சுவிட்ச் ஒரே படி எடை.

சிக்கல் நடுவில் இருக்கிறது. 32,767 என்ற எண்ணிலிருந்து 32,768-க்குப் போக ஒரே ஒரு படிதான் ஏற வேண்டும். ஆனால் அதற்கு, கீழே உள்ள 15 சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் அணைந்து, மேல் சுவிட்ச் ஒன்று மட்டும் எரிய வேண்டும். மேல் சுவிட்சின் ரெசிஸ்டரில் 0.01 சதவீதம் பிழை இருந்தால் போதும். 32,768-இல் அது மூன்று படிக்கு மேல். ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் நான்கு படி தாவலாம், இரண்டு படி சறுக்கவும் செய்யலாம். இந்த நடுப்புள்ளிதான் இசையில் மௌனத்தின் இடம். வீணையின் ஒரு மீட்டு ஓய்ந்து தேயும்போது அலை இந்தப் புள்ளியைத்தான் மாறி மாறிக் கடக்கிறது. பிழை மிகப் பெரிதாகவும் இசை மிகச் சன்னமாகவும் இருப்பது ஒரே இடத்தில்!

0.01 சதவீத ரெசிஸ்டரே விலை அதிகம். அதையும் வெப்பம் கெடுக்கும். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு மாறும் ரெசிஸ்டரில், நாலு டிகிரி வித்தியாசத்துக்கே 0.01 சதவீதம் நகர்ந்துவிடும். ஏணி முழுவதும் ஒன்றுபோலச் சூடானால் கவலையில்லை, விகிதம் மாறாது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மூலை மட்டும் சூடானால்தான் வம்பு.

இதற்கு நல்ல மாற்றுகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பர்-பிரவுன் நிறுவனத்தின் பிசிஎம்63, பிசிஎம்1704 சிப்புகள் அலையின் மேல் பாதிக்கு ஓர் ஏணி, கீழ்ப் பாதிக்கு ஓர் ஏணி என்று வைத்து நடுப்புள்ளித் தாவலையே ஒழித்தன. ஹோலோ ஆடியோ, பிழையை ஈடுகட்டவே இன்னொரு ஏணியைச் சேர்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது கேம்பிரிட்ஜில் உள்ள டிசிஎஸ் நிறுவனத்தின் 'ரிங் டாக்'. அதில் ஏணியே கிடையாது. எல்லா ரெசிஸ்டரும் ஒரே மதிப்பு. எந்த நொடியில் எந்த ரெசிஸ்டர் வேலை செய்யும் என்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரெசிஸ்டர்களின் பிழை ஒழியாது. ஆனால் இசையோடு ஒட்டிய திரிபாக இல்லாமல் மெல்லிய சீரான இரைச்சலாகச் சிதறிவிடும். காது இரைச்சலை மன்னிக்கும், திரிபை மன்னிக்காது.

சிப் தயாரிப்பாளர்கள் ஏணியைக் கைவிட்டதற்கும் காரணம் இந்தத் துல்லியச் செலவுதான். 1982-இல் சிடி வந்தபோது பிலிப்ஸ் கையில் இருந்தது 14 பிட் சிப். நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி 16 பிட்டுக்கு இணையாக்கினார்கள். பிறகு அந்தத் தந்திரமே அரசாளத் தொடங்கியது. இன்றைய டெல்டா-சிக்மா சிப்புகள் மிகச் சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு வினாடிக்குப் பல லட்சம் முறை சுவிட்ச் போட்டு, மிஞ்சும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அவற்றில் சிறந்தவற்றின் திரிபு மைனஸ் 120 டெசிபல் அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏணி டாக்குகளில் பல இந்த அளவை எட்டுவதில்லை. அப்படியிருந்தும், 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை எரிந்து பற்றாக்குறை வந்தபோது, சிப்பை நம்பாத வடிவமைப்புகளுக்கு இன்னும் கொஞ்சம் மவுசு கூடியது.

'24 பிட் ஏணி' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். வழக்கமான 2 வோல்ட் வெளியீட்டில் 24 பிட்டின் ஒரு படி சுமார் 0.34 மைக்ரோவோல்ட். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மின்சாரமே பாயாமல் மேஜையில் கிடந்தாலும், அறை வெப்பத்தால் மட்டும் காதுக்கு எட்டும் எல்லைக்குள் 0.57 மைக்ரோவோல்ட் இரைச்சல் எழுப்பும். கடைசி பிட்டுகள் விளம்பரத்தில் மட்டும்தான் கேட்கும்.

அப்படியானால் 'இதம்' முழுக்கக் கற்பனையா? இல்லை. ஏணி டாக்குகள் பலவற்றில் 'என்.ஓ.எஸ்.' என்றொரு நிலை உண்டு. எண்களுக்கு இடையே புதிய புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பாமல், வந்த எண்ணை அப்படியே படிக்கட்டாக விடுவது அது. டெனாஃப்ரிப்ஸ், ஹோலோ நிறுவனங்களின் கருவிகளில் பொத்தானை அழுத்தி இதை மாற்றிக்கொள்ளலாம். சிடி வேகத்தில் இந்தப் படிக்கட்டு அலை 10 கிலோஹெர்ட்ஸில் 0.75 டெசிபல், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். ஜால்ராவின் கூர்மை, பாடகியின் 'ஸ'கரச் சீறல் எல்லாம் சிறிது மழுங்கும். அதைத்தான் இதம் என்கிறோம். இளம் காதுகளுக்கு இது நிஜமாகவே கேட்கக்கூடிய வேறுபாடு. ஆனால் இதற்கும் ரெசிஸ்டரின் மகிமைக்கும் சம்பந்தமில்லை. ஆம்ப்ளிஃபயரில் டிரெபிளைக் கொஞ்சம் குறைத்தால் கிட்டத்தட்ட அதே இதம் காசில்லாமல் வரும்.

காதை ஏமாற்றும் இன்னொரு திருடன் வால்யூம். ஒரு டாக் 2 வோல்ட் கொடுக்கிறது, பக்கத்தில் இருப்பது 2.3 வோல்ட் கொடுக்கிறது என்றால் வித்தியாசம் 1.2 டெசிபல். 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது சொல்லாது. 'மேடை விரிந்தது, பாஸ் இறுகியது, குரல் முன்னால் வந்தது' என்று சொல்லும். பத்திரிகைகளில் வரும் ஒப்பீட்டு விமர்சனங்களில் பாதியை இந்த ஒரு வரியால் அடித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணை மறைத்துச் செய்த சோதனைகள் அடக்கமாகத்தான் பேசுகின்றன. 2007-இல் மேயரும் மொரானும் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவின் பாதையில் சிடி தரத்து மாற்றியைச் செருகியும் எடுத்தும் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டினாலும் அதுதான் வரும். 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரி 52 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். இரண்டுமே பதிவின் தரத்தைச் சோதித்தவை, ஏணியையும் சிப்பையும் அல்ல. ஆனாலும் இந்த உலகத்தில் வேறுபாடுகள் எவ்வளவு சிறியவை என்று காட்டப் போதும்.

வீட்டில் நீங்களே சோதிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். இரண்டு டாக்குகளும் ஒரு சதவீதத்துக்குள் ஒரே அளவு காட்டும் வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். என்.ஓ.எஸ். பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு நண்பர் ஒருவர் காசு சுண்டி, வருவதற்கேற்ப மாற்றட்டும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால் நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் அந்த இடத்துக்கு வருபவர் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை.

ரெசிஸ்டர் ஏணியின் வேலைப்பாட்டை ரசித்து வாங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைக்கடிகாரத்தை அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் ஒலிக்காக என்றால், அந்தப் பணம் முதலில் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போகட்டும். நல்ல ஸ்பீக்கரே பாஸில் அரை சதவீதம், ஒரு சதவீதம் திரிக்கும். நல்ல டாக் எதுவும் அதன் பக்கத்தில் வராது. கடைக்காரர் சத்தத்தைச் சமன் செய்து, எது எதென்று சொல்லாமல் கேட்க இடம் கொடுத்தால் மட்டும் பர்ஸை எடுங்கள்.