வீட்டுக்குப் பின்னால் ஒரு மீன் குளம்!
அழகுக்கு அழகு... ஆனால் ஆபத்தில்லாமல் அமைப்பது எப்படி?

ஏற்காட்டில் சின்னதாக ஒரு வீடு. பின்பக்கம் நாலு காபிச் செடி, ஒரு சில்வர் ஓக் மரம், வேலியோரம் ரோஜா. மாலை நேரத்தில் பனி இறங்கி வரும்போது கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்க்க ஒரு குட்டிக் குளம், அதில் நாலு தங்க மீன்... நினைத்தாலே மனசு குளிர்கிறது இல்லையா?

இந்த ஆசையில் தப்பே இல்லை. மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலே படபடப்பு குறையும் என்பது வெறும் பேச்சல்ல. இங்கிலாந்தில் எக்ஸெடர் பல்கலைக்கழகத்தினர் பிளிமத் நகர மீன் காட்சியகத்தில் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தது தெரிய வந்தது. அதற்காக பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்! மாத்திரையோடு இதுவும் ஒரு துணை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அவசரப்பட்டுக் கட்டிய குளம் கொசுப் பண்ணையாகும். குழந்தை இருக்கும் வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்தும் ஆகலாம். அதனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

முதல் கேள்வி: தினமும் வீட்டில் ஆள் உண்டா?

ஏற்காட்டில் பல வீடுகள் சனி, ஞாயிறு மட்டும் திறக்கிற வீடுகள். உங்களுடையதும் அப்படியென்றால், தினமும் வந்து பார்க்க நம்பகமான தோட்டக்காரர் இல்லாதவரை குளம் வேண்டவே வேண்டாம். பம்ப் நின்று, மீன் செத்து, தண்ணீர் அசையாமல் கிடந்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்குச் சுமார் 8 முதல் 10 நாள் போதும். குளிரில் கொஞ்சம் கூடுதலாகலாம். அடுத்த மாதம் நீங்கள் வருவதற்குள் அக்கம்பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்திருக்கும். மலைக்கு மேலே கொசு வராது என்று நம்பியிருக்க முடியாது.

தங்க மீன் நன்றாகப் பராமரித்தால் 10 வருஷத்துக்கு மேல் வாழும். அதாவது நீங்கள் கட்டுவது ஒரு குளம் மட்டுமல்ல, 10 வருஷப் பொறுப்பு.

எங்கே கட்டலாம்?

தாய்லாந்தில் வீட்டு வாசலில் பெரிய மண் ஜாடியில் தாமரை வைத்து, கொசுப்புழுவைத் தின்ன அதிலேயே குட்டி மீன்களையும் விட்டுவிடுவார்கள். பார்க்க அத்தனை அழகு! ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அது வெப்ப நாடு. அங்கே செழிக்கிற சண்டை மீனும் கப்பியும், சுமார் 5000 அடி உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் மார்கழிக் குளிரைத் திறந்த குளத்தில் தாங்காது. நமக்கு நம் மலைக்கேற்ற குளம் வேண்டும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, சரிவின் விளிம்பில் தோண்டாதீர்கள். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ எடை. 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள குளத்தில் 150 கன அடி, அதாவது சுமார் 4,200 லிட்டர் தண்ணீர் நிற்கும். நாலு டன்னுக்கு மேல்! மழையில் ஊறிய மண் இதைத் தாங்காமல் சரியலாம். சமதளமான இடம்தான் நல்லது.

இரண்டு, காபித் தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் கட்டாதீர்கள். காபி இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை தெளிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது அது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு மீனுக்கு விஷம். மழைத் தண்ணீரோடு வழிந்து வந்தால் ஒரே ராத்திரியில் எல்லா மீனும் மிதக்கும்.

மூன்று, மரத்தடி வேண்டாம். உதிர்கிற இலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். காலை வெயில் நாலைந்து மணி நேரம் படுகிற இடமாக இருந்தால் அல்லி பூக்கும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஏற்ற குளம்

முழுக்கத் தோண்டாமல், ஒரு அடி பள்ளம், அதைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் சுவர் என்று கட்டிவிடுங்கள். மொத்த ஆழம் இரண்டரை அடி கிடைத்துவிடும். ஏற்காட்டின் பாறை மண்ணில் தோண்டும் கூலி மிச்சம். வெளியிலிருந்து மழைத் தண்ணீரும் உள்ளே வராது. சுவர் மேல் அகலமான கல் பதித்தால் வயதானவர்கள் உட்கார்ந்தபடியே மீனுக்குத் தீனி போடலாம். குனிந்து, குந்தி அவஸ்தைப்பட வேண்டாம்.

உள்ளே கல், வேர் எல்லாவற்றையும் நீக்கி, சலித்த மணலை இரண்டு அங்குலம் பரப்பி, அதன் மேல் கனமான குளத்து ஷீட் விரிக்க வேண்டும். ஷீட் எவ்வளவு வாங்குவது? நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, ஓரத்துக்குப் பக்கத்துக்கு ஒரு அடி சேருங்கள். நம் கணக்கில் 10 + 5 + 2 = 17 அடி. அகலத்துக்கு 6 + 5 + 2 = 13 அடி. ஆக 17-க்கு 13 ஷீட் போதும்.

சிமென்ட் பூசித்தான் கட்டுவேன் என்றால் பொறுமை வேண்டும். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரைக் காரமாக்கும். மீனின் செவுளை அது புண்ணாக்கிவிடும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுவது நம் ஊர் வழக்கம். இப்படி மூன்று நாலு தடவை செய்து, கடைசியில் பி.எச். பார்க்கும் சொட்டு மருந்தால் சோதியுங்கள். 7-லிருந்து 8-க்குள் இருந்தால் சரி.

ஏற்காட்டுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே உபரித் தண்ணீர் போக ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் வலை கட்டிவிடுங்கள்.

பம்ப்பும் ஃபில்டரும்

குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும். 4,200 லிட்டருக்கு, மணிக்கு 2,100 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும் பம்ப் வாங்குங்கள். ஃபில்டரை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கீழே கூழாங்கல், மேலே ஸ்பான்ஜ். அவ்வளவே! மழைத் தண்ணீர் மென்னீர் என்பதால், ஒரு துணிப் பையில் கிளிஞ்சலைக் கட்டி டிரம்முக்குள் போட்டால் தண்ணீரின் தன்மை சட்டென்று மாறாமல் இருக்கும்.

இந்த டிரம்முக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஸ்பான்ஜில் குடியேறும் ஒரு வகை நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் சாப்பிட்டுவிடும். இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குளிர்காலத்தில் இன்னும் கூடும். அதனால்தான் முதல் நாளே 20 மீன் விட்டவர்கள், ஒரே வாரத்தில் வெறும் குளத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். முதலில் மூன்றே மீன் விடுங்கள். மாதம் ஒன்று போனபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

மின்சார விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. பம்ப்புக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். தண்ணீரில் கை வைக்கும் முன் பம்ப்பை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

எந்த மீன்?

ஏற்காட்டுக் குளிருக்குத் தங்க மீன்தான் முதல் தேர்வு. சாதாரண ஒற்றை வால் ஜாதி நல்ல உடல் பலமுள்ளது. நம் குளத்துக்கு 12 முதல் 15 போதும். கொய் மீனும் குளிரைத் தாங்கும். ஆனால் அது இரண்டடி வரை வளரும். அதற்கு நாலடி ஆழமும் இதைவிடப் பெரிய குளமும் வேண்டும்.

சென்னையில் கொளத்தூர் வண்ண மீனுக்குப் பேர் போன இடம். எங்கே வாங்கினாலும், ஏற்காட்டுக்குக் கொண்டு போவதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஆக்ஸிஜன் நிரப்பிய பை 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வருவதற்குள் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பிவிடும். காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிஷம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடுங்கள்.

கோயில் குளத்தில் பொரி போடுகிற மாதிரி அள்ளி வீசாதீர்கள்! மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுதான் ஒரு வேளைத் தீனி. மிஞ்சினால் தண்ணீர் கெடும், எலி வரும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயமும் கூடவே வரும். பசியுள்ள மீன்தான் கொசுப்புழுவைத் தேடித் தின்னும் என்பதையும் மறக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மீன் மந்தமாகிவிடும். தீனியைப் பாதியாகக் குறைத்து, வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.

கொசு இங்கேயும் வரும், ஜாக்கிரதை!

வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குளோரின் போவதற்காகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் பிடித்து வைப்பீர்கள். அந்த டிரம்மில் மீன் இல்லை. கொசு அங்கேதான் முட்டையிடும்! மூடியோ, வெள்ளைத் துணியோ போட்டு இறுக்கிக் கட்டுங்கள். குளத்திலிருந்து எடுக்கும் பழைய தண்ணீர் ரோஜாவுக்கு நல்ல உரம்.

கொசு ஒழிப்புக்குப் புகை அடிக்க வருகிறவர்களிடம் ‘மீன் இருக்கிறது’ என்று சொல்லி, குளத்தை அன்று மூடி வையுங்கள். கொசு மருந்துகள் பல மீனுக்கு ஆகாதவை.

குழந்தை இருக்கிற வீடா? இதை இரண்டு தடவை படியுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ம் வருஷ அறிக்கைப்படி, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு நீரில் மூழ்குவது 4-வது பெரிய காரணம். தடுக்கி விழுந்த குழந்தைக்கு அரை அடித் தண்ணீரே போதும். சினிமாவில் வருகிற மாதிரி கத்திக் கை கால் அடிக்காது. சத்தமே இல்லாமல், நீங்கள் அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் நடந்துவிடும். லீவுக்குப் பேரன் பேத்தி வருகிற வீடும் குழந்தை இருக்கிற வீடுதான்.

அதனால் தண்ணீருக்கு மேலே, ஒரு குழந்தை விழுந்தாலும் வளையாத இரும்புக் கம்பி வலையைச் சட்டத்தோடு பொருத்தி, பூட்டுப் போடுங்கள். அழகு கெடுமே என்று யோசிக்காதீர்கள். மீன்கொத்தி, கொக்கு, குரங்கு எதுவும் மீனை எடுக்க முடியாது என்ற லாபமும் உண்டு. வலை இருந்தாலும் சின்னக் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

விழுந்துவிட்டால்?

தூக்கி வெளியே போடுங்கள். ஆட்களைக் கூப்பிடுங்கள், ஒருவர் 108-க்கு போன் செய்யட்டும். தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது, சுற்றுவது எதுவும் கூடாது. அதில் நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் உடனே குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மெதுவாக 5 முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால், மார்பு மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி 30 முறை வேகமாக அழுத்துங்கள். பிறகு 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதே மாதிரி செய்யுங்கள். மூச்சு திரும்பிக் குழந்தை அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆக வேண்டும். சேலத்துக்கு மலை இறங்க நேரம் பிடிக்கும். அதனால் வீட்டில் இரண்டு பேராவது இந்த முதலுதவியைப் பயிற்சி எடுத்துக்கொண்ட பிறகே குளத்தில் தண்ணீர் விடுங்கள்.

உங்கள் கை பத்திரம்

கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை இல்லாமல் குளத்தில் கை வைக்காதீர்கள். மீன் தண்ணீரில் இருக்கும் ஒரு வகைக் கிருமியால் விரலில் ஆறாத கட்டி வரலாம். சில வாரமாகியும் ஆறாத புண் என்றால் தோல் டாக்டரிடம் போங்கள், ‘மீன் வளர்க்கிறேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும். டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறைக்கும் பழக்கமும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மீன் அலுத்துவிட்டதென்றால் ஏற்காடு ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். அது புண்ணியம் இல்லை. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கிளியூர் அருவியாகக் கீழே இறங்குகிறது. நாம் விட்ட அயல் மீனும் அதோடு இறங்கி, அங்கங்கே இருக்கும் நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். வளர்க்க ஆசைப்படும் நண்பருக்கோ கடைக்காரருக்கோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனை எச்சரிக்கையா என்று மலைக்காதீர்கள். கட்டி முடிக்கும்வரைதான் சிரமம். அப்புறம் தினம் கால் மணி நேர வேலை. கம்பி வலையைப் பூட்டியாகிவிட்டதா, பம்ப் ஓடுகிறதா, டிரம் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, காபியோடு கல்லில் உட்காருங்கள். அல்லி இலைக்கடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மெதுவாக வெளியே வரும்... பேரனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அவன் எண்ணக் கற்றுக்கொள்வான், உங்கள் மனசும் லேசாகும்!