பத்து விரலையும் கேட்ட சட்டம்

"சரியான கேடிப் பய" என்று பேரனைச் செல்லமாகத் திட்டும் பாட்டிகள் நம் ஊர்த் தெருக்களில் உண்டு. 'கேடு' என்பதிலிருந்து வந்த சொல் போலத்தான் காதில் விழுகிறது. உண்மையில் அது காவல் நிலையத்தில் பிறந்த சொல். திருட்டில் பேர்போனவர்கள் என்று போலீஸ் முத்திரை குத்தியவர்களின் பெயர்களை எழுதிவைத்த ஏட்டுக்கு 'கே.டி.' என்று பெயர். அந்த இரண்டு ஆங்கில எழுத்துகள் ஏட்டிலிருந்து இறங்கி, தெருவுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டன.

குற்றம் என்றால் செய்த செயலா, செய்தவனா, அல்லது செய்வான் என்று நாம் நினைப்பதா? சட்டக் கல்லூரியின் முதல் பாடமே இதுதான். பேச்சுத் தமிழில் குற்றம் என்ற சொல்லுக்கு அகலம் அதிகம். பாட்டிலும் குற்றம் உண்டு, ரத்தினத்திலும் உண்டு, மருமகளின் சமையலிலும் உண்டு. சட்டம் அந்தச் சொல்லை மிகக் குறுகலாக எடுத்துக்கொள்கிறது. கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பை நம்முடையது என்று நினைத்து மாட்டிக்கொண்டு வந்தால் அது திருட்டு ஆகாது. அடுத்தவருடையது என்று தெரிந்தே, எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு மாட்டினால் திருட்டு. கால் ஒன்று, செருப்பு ஒன்று, வீடு வரை நடந்த தூரமும் ஒன்று, எண்ணம்தான் வேறு. செயலும் வேண்டும், கெட்ட எண்ணமும் வேண்டும், இரண்டையும் நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் நின்றது.

எந்தச் செயலைக் குற்றம் என்பது என்ற கோடு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். உடன்கட்டை ஏற்றுவது ஒரு காலத்தில் புண்ணியம். 1829-இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் குற்றமானது. தீண்டாமையை ஊர் வழக்கம் என்றார்கள். 1950-இல் அரசமைப்புச் சட்டம் அதை ஒழித்து, கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பிறர் மனைவியோடு, அவள் கணவனின் சம்மதமின்றி, ஓர் ஆண் கொள்ளும் உறவு 2018 செப்டம்பர் வரை ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. சமூகம் மாறும்போது கோடு நகர்வது இயல்பு. நான் சொல்ல வருவது அந்தக் கோட்டைச் செயலின் மீதிருந்து எடுத்து மனிதர்களின் மீதே போட்ட ஒரு சட்டத்தைப் பற்றி.

தண்டனைச் சட்டம் எழுதப்பட்டுப் பதினோரே ஆண்டுகளில், அதே அரசு 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. நெசவாளி மகன் நெசவாளி, தச்சன் மகன் தச்சன் என்று சாதி நடக்கிற நாட்டில் திருட்டும் குலத்தொழிலாகத்தானே இருக்கும் என்பது அதன் பின்னால் இருந்த வாதம். குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ புத்தகம் எழுதியது 1876-இல். அதற்கு ஐந்தாண்டு முன்பே இங்கே அது சட்டமாகிவிட்டது. ஒரு சமூகத்தைக் 'குற்றப் பரம்பரை' என்று அரசு அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. வட இந்தியாவில் தொடங்கிய இந்தச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

மதுரைச் சீமையில் அதை யாரும் அந்த நீளப் பெயரால் சொல்லவில்லை. 'ரேகைச் சட்டம்' என்றார்கள். மையைத் தடவி, பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தாளில் உருட்டி எடுப்பார்கள். எந்தத் திருட்டிலும் சம்பந்தப்படாத, எந்த வழக்கிலும் பெயர் வராத ஆளும் கையை நீட்ட வேண்டும். பதிவான ஆண்கள் பலர் இரவில் ஊர்ச் சாவடியிலோ காவல் நிலையத்திலோ வந்து படுக்க வேண்டும். பேர் கூப்பிடும்போது இருக்க வேண்டும். நேற்றுத்தான் தாலி கட்டியவனுக்கும் விலக்கு இல்லை என்று அந்த ஊர்களில் இன்றும் சொல்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போவதென்றாலும் 'ராதாரிச் சீட்டு' வேண்டும்: யார், எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று எழுதிய அனுமதித் துண்டு. சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினால், தாண்டியதே குற்றம். அதற்குச் சிறை. இப்படித்தான் எதுவுமே செய்யாதவனும் தண்டனை பெற்றவன் ஆனான். தண்டனை ஏறியதும், இவர்கள் குற்றப் பரம்பரைதான் என்பதற்கு அதுவே ஆதாரமானது. இந்தச் சுழலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பகுதியில் திருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே முன்பிருந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ரேகைச் சட்டத்துக்கு உள்ளான பிரமலைக் கள்ளர் சமூகத்தில் பலருக்குக் 'காவல்' என்பது தொழில். பல ஊர்களின் களத்தையும் கால்நடையையும் அவர்கள் காத்தார்கள், அதற்குக் கூலி பெற்றார்கள். களவு போன மாட்டைக் கண்டுபிடித்து மீட்டுக் கொடுத்தால் 'துப்புக்கூலி'. காவல் கூலி தராத ஊரில் மாடு காணாமல் போவதும் உண்டு. குறை நிறைந்த ஏற்பாடுதான். ஆனாலும் ஊர்கள் அதற்குள்தான் வாழ்ந்தன. 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் வந்த பிறகு, அதே காவல் கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாகத் தெரிந்தது. புதிய காவல்காரருக்குப் பழைய காவல்காரர் போட்டியாளர். அந்தப் போட்டியில் ஏடு யார் கையில் இருந்தது என்பதைப் பார்க்காமல் 'குற்றப் பரம்பரை' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளவே முடியாது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர். ரேகை கொடுக்க மாட்டோம் என்று ஊர் மறுத்தது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவிடத்தில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்துக்கு உள்ளான மக்களுக்காகப் போராடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் கேரளத்திலிருந்து மதுரைக்கு வந்தவர். ஜோசப் மக்கள் வாயில் 'ரோசாப்பூ துரை' ஆனார். ரோசாப்பூ என்று பிள்ளைகளுக்குப் பேர் வைத்த குடும்பங்களும் உண்டு.

தண்டிப்பதோடு அந்த அரசு நிற்கவில்லை, திருத்தவும் முனைந்தது. ஆறு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் சேர்க்க 1911 சட்டம் இடம் தந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரத்தின் பாபட்லா அருகே, 1913 வாக்கில் இந்தச் சட்டத்துக்கு உள்ளான எருகுலர் என்ற சமூகத்துக்காக ஸ்டூவர்ட்புரம் என்ற குடியேற்றம் அமைந்தது. நடத்தியது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு. நிலம் கொடுத்தார்கள், சீராலாவின் புகையிலை ஆலையில் வேலையும் கொடுத்தார்கள். கூடவே வருகைப் பதிவும் காவலும். திருடர்களைத் திருத்தவென்று கட்டிய ஊரின் பெயர் பிற்காலத்தில் தெலுங்கு சினிமாவில் திருடர்களைக் குறிக்கும் பெயராகவே நிலைத்துவிட்டது.

சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை 1947-இல் நீக்கியது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோரின் நெடிய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடும் சமூகங்கள் வடக்கில் பல. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின் கீழ் இருந்தவர்கள் 'சீர்மரபினர்' ஆனார்கள்.

ஆனால் ஏடு மூடப்படவில்லை. பழைய சட்டம் நீங்கிய மறு ஆண்டே, 1948-இல், வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. பிற மாநிலங்களும் இதேபோல் இயற்றின. தாளில் பார்த்தால் இது சமூகத்தை அல்ல, தனி ஆளைக் குறிவைக்கிறது; பலமுறை தண்டனை பெற்றவர் என்பதே அளவுகோல். யாருக்குப் பலமுறை தண்டனை ஏறியிருக்கும்? ராதாரிச் சீட்டு இல்லாமல் பிடிபட்டவரின் மகனைத்தான், ஊரில் நகை காணாமல் போன மறுநாள் காலையில் முதலில் அழைத்துப் போகிறார்கள். 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டின் காவல் மரண வழக்கில் உயிரிழந்தவர் குறவர். அவர் மேல் சுமத்தப்பட்டதும் ஒரு நகைத் திருட்டுதான்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் பல மாநிலங்களின் சிறை விதிகளைப் புரட்டிப் பார்த்தது. இன்ன சாதிக் கைதிக்குச் சமையல், இன்ன சாதிக்குக் கழிப்பறை என்று எழுதியிருந்த விதிகளோடு, நாடோடி, குற்றப் பரம்பரையினரைத் தனியே குறிக்கும் விதிகளும் அப்படியே உயிரோடு இருந்தன. சட்டம் செத்து எழுபது ஆண்டுகள் ஆகியும்! அவற்றை நீதிமன்றம் செல்லாதென்றது. சீர்மரபினரைப் பிறப்பை வைத்து வழக்கமான குற்றவாளி என்று எழுதக் கூடாது என்றது. கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் 'அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பலகைகளைப் பார்க்கலாம். ரேகைச் சட்டக் காலத்தில் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தின் தொடர்ச்சி அவை. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொல்லி தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தபோது எதிர்ப்பும் எழுந்தது. ரத்தம் சிந்திப் பெற்ற பள்ளிகள், பெயர் போனால் வரலாறும் போகும் என்கிறார்கள் எதிர்த்தவர்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. அந்தப் பலகையில் என்னை உறுத்துவது மூன்றாவது சொல். உசிலம்பட்டிப் பக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, தன் பள்ளிப் பலகையைத்தான் முதலில் படித்துப் பார்க்கும். 'சீரமைப்பு' என்றால் என்ன டீச்சர் என்று கேட்டால், அந்த ஆசிரியை எங்கிருந்து தொடங்குவார்?