துப்பாக்கி பழக ஆசையா? மண்மேட்டை பார்த்துட்டு பணம் கட்டுங்க!

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி காலை. தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவன் சுருண்டு விழுந்தான். தலையில் துப்பாக்கி குண்டு!

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஊருக்குள் துப்பாக்கியோடு யாரும் வரவும் இல்லை. அந்த பக்கம் உள்ள சுடுதளத்தில் பயிற்சி நடந்து கொண்டிருந்தது. அங்கிருந்து பாய்ந்த குண்டு! தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலன் இல்லை. 2022 ஜனவரி 3-ந்தேதி சிறுவன் இறந்தான்.

அங்கே சுட்டவர்கள் சீருடைப் படையினர். அவர்கள் பயிற்சியிலேயே இந்த விபரீதம். அப்படியிருக்க, காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் இடத்தை எத்தனை உஷாராக பார்க்க வேண்டும்?

நகைக்கடை, அடகுக்கடை வைத்திருப்பவர்களுக்கு தற்காப்புக்கு ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை என்று ஆசை. பேங்க் கன்மேன் வேலைக்கு அலையும் இளைஞர்கள் ஒரு பக்கம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வாங்கியதை டி.வி.யில் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணையும் சேர்த்துவிடலாமா?" என்று கேட்கும் அப்பா அம்மா இன்னொரு பக்கம். எல்லோரும் முதலில் கேட்பது, "ஃபீஸ் எவ்வளவு சார்?"

அது கடைசியாக கேட்க வேண்டிய கேள்வி.

பின்னால் என்ன இருக்கு?

முதலில் இடத்தை நேரில் போய் பாருங்கள். குறி அட்டைக்கு பின்னால் உயரமான மண்மேடு உண்டா? பக்கவாட்டில் தடுப்பு சுவர் உண்டா? மேட்டுக்கு அப்பால் இருப்பது ரோடா, வீடா, ஆடு மாடு மேய்கிற காடா? .22 ரைபிள் குண்டு ஒரு வேர்க்கடலை பருப்பு அளவுதான். தடுக்க ஒன்றும் இல்லை என்றால் ஒரு மைலையும் தாண்டி ஓடும். மேட்டில் கல்லும் பாறையுமாக இருந்தாலும் ஆபத்து. குண்டு பட்டு தெறித்து எங்கே வேண்டுமானாலும் போகும்.

அடுத்து ஆட்களை கவனியுங்கள். "ஸ்டாப்" என்று குரல் வந்ததும் அத்தனை பேரும் துப்பாக்கியை இறக்கி வைக்கிறார்களா? அட்டையை பார்க்க ஆள் முன்னால் போகும்போது ஒருத்தர் கையிலாவது துப்பாக்கி இருந்தால், வந்த வழியே திரும்பி விடுங்கள்.

வாத்தியார் பேசும்போது துப்பாக்கி முனை எந்த பக்கம் பார்க்கிறது? விரல் டிரிக்கரில் இருக்கிறதா, வெளியே நீட்டி இருக்கிறதா? "காலி துப்பாக்கிதான் சார், பயப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே உங்கள் பக்கம் திருப்புகிறவர் வாத்தியாரே அல்ல! மேகசினை கழற்றிய பிறகும் சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். "காலி" என்று நினைத்து அமுக்கி உயிர் போன கதைகள் ஏராளம்.

முதல் நாளே சுடலாம் என்று ஆசை காட்டும் இடமும் வேண்டாம். நல்ல இடத்தில் முதலில் சுட விடமாட்டார்கள். பிடிக்க, திறந்து பார்க்க, காலி செய்ய கற்றுத் தருவார்கள். "போர் அடிக்குது" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அடிக்கட்டும்! காதுக்கு மூடி, கண்ணுக்கு கண்ணாடி தருகிறார்களா என்றும் பாருங்கள். துப்பாக்கி வெடி 140 டெசிபல். போன காது திரும்பி வராது.

சர்டிபிகேட் யாருடையது?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்பு பயிற்சி பெற்றதற்கு எஸ்-1 என்ற படிவத்தில் சான்று காட்ட வேண்டும். இதை வைத்துத்தான் சிலர் வலை விரிப்பார்கள். "பணத்தை கட்டுங்க, லைசென்ஸ் நம்ம பொறுப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்று வேறு, லைசென்ஸ் வேறு. சென்னையில் கமிஷனர் ஆபீஸ், மாவட்டங்களில் கலெக்டர் ஆபீஸ். அங்கேதான் முடிவு. 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். யார் கொடுக்கும் சான்று செல்லும் என்பதை அங்கேயே கேட்டுவிட்டு பிறகு பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

வேலைக்கு அலையும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. செக்யூரிட்டி காவலாளிக்கு மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்லும் பயிற்சி 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேர களப்பயிற்சி. குறைந்தது 20 வேலை நாள். "மூணே நாளில் கன்மேன் சர்டிபிகேட்" என்றால் அது வெறும் தாள்! முன்னாள் ராணுவத்தார், போலீஸ்காரர்களுக்கு மட்டும் நாள் குறைவு.

தோப்பில் பயிற்சியா? ஓடிவிடுங்கள்!

ஊருக்கு வெளியே தோப்புக்குள் கூட்டிப்போய் சுட வைக்கிறேன் என்று சொல்லும் ஆசாமிகளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த துப்பாக்கி யார் பேரில் இருக்கிறது? லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் 2 வருஷத்தில் இருந்து 5 வருஷம் வரை ஜெயில். போலீஸ் வரும்போது அது உங்கள் கையில் இருந்தால்? "பழகத்தான் வந்தேன்" என்று சொல்லி தப்ப முடியாது. கல்யாணத்தில், கோவில் திருவிழாவில் வானத்தை பார்த்து சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், லைசென்ஸ் இருந்தாலும் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது 2019-ல் வந்த திருத்தம்.

பிள்ளைகள் விஷயம் இத்தனை சிக்கல் இல்லை. .177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் தூரத்தில் அட்டை. நடுவில் உள்ள 10 பாயிண்ட் புள்ளி அரை மில்லிமீட்டர்தான்! ரைபிள் வாங்க அவசரம் வேண்டாம். கிளப் ரைபிளில் சில மாதம் பழகட்டும். வளர்கிற பிள்ளைக்கு இன்று வாங்கியது அடுத்த வருஷம் பொருந்தாது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஏர் ரைபிளில் போடும் பெல்லட் பெரும்பாலும் ஈயம். சுட்ட கையோடு பிஸ்கட் தின்றால் ஈயம் வயிற்றுக்குள் போகும். சேர்க்கப் போகும்போது, கை கழுவ குழாய் எங்கே, சோப்பு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.